ஏடிஹெச்டி உள்ள பிள்ளைக்கு வீட்டிலும் பள்ளியிலும் கைகொடுக்க: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைகள் மனநல மருத்துவர் "ஏடிஹெச்டி" என்று சொல்லிவிட்டார். கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த வளர்ச்சிக் குறைபாடு என்று விளக்கவும் செய்தார். ஃபைலைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கு வந்தால், "இவன் அப்பனும் இந்த வயதில் இப்படித்தான் இருந்தான், அவன் என்ன கெட்டா போய்விட்டான்?" என்கிறார் பாட்டி. "எல்லாம் செல்லம் கொடுத்துக் கெடுத்தது, இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் சித்தப்பா. பள்ளி டைரியில் மறுபடியும் சிவப்பு மையில் ஒரு குறிப்பு. இனி எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் அம்மா அப்பாவுக்காக இதை எழுதுகிறேன்.

பாட்டி சொல்வதை மருத்துவமும் ஒப்புக்கொள்ளும். இது குடும்பத்தில் வழிவழியாக வருவது. ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் இதில் உள்ள வேறுபாட்டில் சுமார் முக்கால் பங்கு மரபணுக்களால் வருவதாக இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. சித்தப்பா சொல்வது தவறு. செல்லம் கொடுத்ததாலோ, அம்மா வேலைக்குப் போவதாலோ, இனிப்பு அதிகம் தின்றதாலோ இது வருவதில்லை. உலகம் முழுவதும் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 5 பேருக்கு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். 40 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேருக்காவது இருக்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது?

இந்தப் பிள்ளைகளுக்கு எது சரி, எது தவறு என்பது நன்றாகவே தெரியும். "ரோட்டைக் கடக்கும்போது என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுப்பாருங்கள். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று பதில் டக்கென்று வரும். பந்து ரோட்டுக்கு உருண்டு ஓடும் நொடியில் மட்டும் அந்தப் பதில் வேலை செய்யாது. தெரிந்ததை, தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் இடத்தில் செய்ய முடியாமல் போவதுதான் இவர்களின் சிக்கல். அதனால்தான் எவ்வளவு அறிவுரை சொன்னாலும் மறுநாள் அதே கதை நடக்கிறது. உதவி என்பது அந்த வேலை நடக்கும் இடத்துக்கே, நடக்கும் நேரத்திலேயே போய்ச் சேர வேண்டும். கீழே நான் சொல்லும் எல்லா வழிகளுக்கும் இதுதான் அடிப்படை.

அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை அறிந்துகொள்வது நல்லது. மூளையின் வெளி அடுக்கான மேற்புறணி வளர்ந்து உச்சத் தடிமனை எட்டும் வயதை அளந்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது சுமார் ஏழரை வயதில் நடந்தது. ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளுக்குப் பத்தரை வயது ஆனது. வளர்ச்சி அதே வரிசையில்தான் நடக்கிறது, சுமார் மூன்று ஆண்டு தாமதமாக. 10 வயதுப் பிள்ளையிடம் பையை அடுக்குவது, பொறுத்திருப்பது, நேரத்துக்குக் கிளம்புவது போன்ற விஷயங்களில் 7 வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதை எதிர்பாருங்கள். படிப்பறிவிலோ கற்பனையிலோ அவன் வயதுக்கு மேலேயே இருக்கலாம். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கும்.

"செல்போனில் மூன்று மணி நேரம் கேம் விளையாடுகிறானே, அப்போது மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. கேம் சில நொடிகளுக்கு ஒருமுறை புள்ளியோ சத்தமோ வெற்றியோ தருகிறது. அப்படி உடனுக்குடன் ஏதாவது கிடைத்தால் இவர்கள் மூழ்கிப்போவார்கள். ஒரு மாதம் கழித்து வரும் மார்க்குக்காக இன்று உட்காருவதுதான் முடியாத காரியம். கவனம் இவர்களிடம் நிறையவே இருக்கிறது, அதை விரும்பிய பக்கம் திருப்புவதுதான் கைவசப்படவில்லை.

படி 1: கண்டறிதல் முழுமையாக நடந்ததா என்று பாருங்கள்

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஏடிஹெச்டியைக் காட்டாது. தலையில் வயர்களை ஒட்டி "மூளை வரைபடம்" எடுத்துத் தருகிறோம் என்று யாராவது பெருந்தொகை கேட்டால் கொடுக்க வேண்டாம். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விவரமாகக் கேட்டு, இருவரிடமும் கேள்வித்தாள்களை நிரப்பி வாங்கி, பிள்ளையோடு நேரம் செலவிட்டுத்தான் மருத்துவர் முடிவுக்கு வர வேண்டும். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். வீட்டில் மட்டும், அல்லது பள்ளியில் மட்டும் என்றில்லாமல் இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் தொல்லை என்றால், அங்கே வேறு ஏதோ நடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கண்ணையும் காதையும் சோதித்துவிட்டீர்களா? போர்டு தெரியாத பிள்ளையும் சரியாகக் காது கேட்காத பிள்ளையும் கவனமில்லாதவர்களைப் போலவே தோன்றுவார்கள். இரவில் குறட்டைவிட்டு, மூச்சு திணறி, தூக்கம் கெட்டு எழும் பிள்ளைகளும் அப்படித்தான். நடுவில் சில நொடிகள் அப்படியே உறைந்துபோய் மீளும் பிள்ளைக்கு வலிப்பின் ஒரு வகை இருக்கக்கூடும், அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாசிப்பதிலோ எழுதுவதிலோ கணக்குப் போடுவதிலோ தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்பதையும் சேர்த்தே சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக வருவது மிகச் சாதாரணம். ஒன்றை மட்டும் கவனித்தால் மற்றது பிள்ளையைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெஞ்சைத் தாண்டிக் குதிக்கும் பையன் எல்லோர் கண்ணிலும் படுகிறான். கடைசி வரிசையில் ஜன்னலைப் பார்த்தபடி, யாருக்கும் தொந்தரவு தராமல் உட்கார்ந்திருக்கும் சிறுமிக்கும் இதே குறைபாடு இருக்கலாம். அவளைக் "கனவு காண்கிறாள்", "சோம்பேறி" என்று சொல்லியே பத்தாம் வகுப்பு வரை தள்ளிவிடுகிறார்கள். உங்கள் மகள் பென்சிலையும் தண்ணீர் பாட்டிலையும் மாறி மாறித் தொலைக்கிறாள், சொன்னதை மறக்கிறாள், வீட்டுப்பாடத்தோடு இரவு பத்து மணி வரை போராடுகிறாள் என்றால், சேட்டை இல்லை என்பதற்காகக் காத்திருக்காதீர்கள்.

எங்கே போவது? தமிழ்நாட்டின் மாவட்டங்களில் அரசு மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் 18 வயது வரை இங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். சென்னையில் இருப்பவர்கள் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கும் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கும் போகலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் தனிப்பிரிவே இருக்கிறது. போகும்போது பள்ளி டைரி, பழைய ரேங்க் கார்டுகள், இரண்டு மூன்று பாட நோட்டுகள் ஆகியவற்றை எடுத்துப்போங்கள். பாதியில் நின்ற வாக்கியங்களும் விட்டுப்போன கணக்குகளும் மருத்துவருக்கு நிறையச் சொல்லும்.

படி 2: வீட்டை மாற்றுங்கள்

காலை நேரத்திலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான வீடுகளில் சண்டை நடப்பது அப்போதுதான்.

பையை இரவே அடுக்கிவிட வேண்டும். அடுக்கிய பை வாசல் கதவருகே, ஷூவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், படிக்கும் மேசையில் வேண்டாம். சாக்ஸ் ஷூவுக்குள்ளேயே இருக்கட்டும். விளையாட்டுச் சீருடை எந்தக் கிழமை என்பதைப் பீரோ கதவின் உள்பக்கம் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். பல் தேய்த்தல், குளியல், உடை, டிபன், பை என்று ஐந்து படங்கள் வரைந்து, அவை நடக்கும் வரிசையில் குளியலறைக் கதவில் ஒட்டுங்கள். படத்தைப் பிள்ளையே வரைந்தால் இன்னும் நல்லது. அதன் பிறகு உங்கள் வாயிலிருந்து வர வேண்டியது ஒரே கேள்வி: "அடுத்து எந்தப் படம்?" நீங்கள் இருபது முறை சொல்லியிருக்க வேண்டியதைக் கதவு சொல்லிவிடும். பத்து நாளில் அது பழகிவிடும் என்று எண்ணிப் படத்தைக் கழற்றிவிடாதீர்கள். ஒருவேளை ஆண்டுக்கணக்கில் அது அங்கேயே இருக்க வேண்டியிருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து, சொல்லும் விதம். சமையலறையில் தாளித்துக்கொண்டே, "டிவியை அணைத்துவிட்டுக் கைகால் கழுவி நோட்டை எடுத்து உட்காரு, எத்தனை தடவை சொல்வது!" என்று குரல் கொடுக்கிறோம். அதில் நான்கு கட்டளைகள் இருக்கின்றன. பிள்ளையின் காதில் விழுவது கடைசியில் உள்ள அதட்டல் மட்டுமே. அடுப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் போங்கள். தோளைத் தொட்டுப் பெயரைச் சொல்லுங்கள். முகம் திரும்பும் வரை காத்திருங்கள். "டிவியை அணைத்துவிடு கண்ணா." ஐந்து நொடி பொறுங்கள். அணைத்தால், "சொன்னதும் அணைத்துவிட்டாயே, நல்லது" என்று அங்கேயே சொல்லுங்கள். பிறகுதான் கைகால் கழுவுவது. நேரம் கூடுதலாகப் பிடிப்பது போலத் தோன்றும். கத்தி, கோபப்பட்டு, பிள்ளை அழுது, நீங்கள் வருந்தி முடிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். "அணைக்கிறாயா?" என்று கேள்வியாகக் கேட்காதீர்கள். "மாட்டேன்" என்று சொல்ல அதில் இடம் இருக்கிறது.

வீட்டுப்பாடம்

நான்காம் வகுப்புப் பையனுக்கு 20 வகுத்தல் கணக்கு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று வையுங்கள். பக்கத்தைப் பார்த்ததும் பென்சில் சீவப் போய்விடுவான். திரும்பி வந்ததும் தாகம் எடுக்கும். இதைச் சாக்குப்போக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், 20 கணக்கை ஒன்றாகப் பார்த்ததில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைத்துப்போகிறான். பக்கத்தை மடித்து நான்கு கணக்கு மட்டும் தெரியும்படி கிளிப் போடுங்கள். சமையலறை டைமரையோ சின்ன அலாரம் கடிகாரத்தையோ பத்து நிமிடத்துக்கு வைத்து எதிரில் நிறுத்துங்கள். நேரம் ஓடுவது இவர்களுக்கு உள்ளே தெரிவதில்லை, கண்ணால் பார்த்தால் தெரியும். நான்கும் முடிந்தால் எழுந்து மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு வரட்டும். பிறகு அடுத்த நான்கு. நின்றுகொண்டு எழுதினால் எழுதட்டும். காலை ஆட்டிக்கொண்டே படித்தால் படிக்கட்டும். அந்த ஆட்டம் பல பிள்ளைகளுக்கு விழிப்போடு இருக்க உதவுகிறது.

நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கக்கூடத் தேவையில்லை, காய் நறுக்கியபடி உட்கார்ந்திருந்தாலே போதும். மொத்த நேரத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு முக்கால் மணி நேரம் போதுமானது. அதற்குமேல் ஆனால், "முக்கால் மணி நேரம் உண்மையாக முயன்றான், 13 கணக்கு முடித்தான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இதைப் பற்றி ஆசிரியரிடம் முன்பே பேசி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அதை அடுத்த படியில் சொல்கிறேன்.

பரிசும் கண்டிப்பும்

"முழுப் பரீட்சையில் முதல் ரேங்க் வாங்கினால் சைக்கிள்" என்பது இவர்களிடம் வேலை செய்யாது. சைக்கிள் பத்து மாதம் தள்ளி இருக்கிறது. இன்று மாலைக்குள் கிடைக்கக்கூடிய சின்னது வேண்டும். ஒரு டப்பாவில் புளியங்கொட்டை போடலாம், அட்டையில் நட்சத்திரம் ஒட்டலாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பழக்கங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். "நல்ல பையனாக இருக்க வேண்டும்" என்பது பழக்கம் ஆகாது. "ஆறரை மணிக்குள் நோட்டைத் திறக்க வேண்டும்" என்பது ஆகும். ஐந்து கொட்டை சேர்ந்தால் அப்பாவோடு பேட்மின்டன், பத்து சேர்ந்தால் ராத்திரி என்ன டிபன் என்பதை அவனே சொல்லலாம். முதல் வாரம் ஜெயிக்கும்படியாகவே விதிகளை வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பரிசு சலித்துவிடும், மாற்றுங்கள். திட்டம் தோற்றுவிட்டது என்று கைவிட வேண்டியதில்லை, இந்தப் பிள்ளைகளுக்குப் புதுமை வேண்டும். சம்பாதித்த கொட்டையைக் கோபத்தில் பிடுங்கவே கூடாது.

கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டிக்கத்தான் வேண்டும். தம்பியை அடித்தால் விளையாட்டிலிருந்து ஐந்து நிமிடம் வெளியே. உடனே, சுருக்கமாக, சொற்பொழிவு இல்லாமல். ஒரு வாரத்துக்கு டிவி கிடையாது என்ற தண்டனை இரண்டாம் நாளே எதற்காக என்று அவனுக்கு மறந்துபோகும், உங்களோடு பகை மட்டும் மிஞ்சும். அடிப்பதைப் பற்றி என் நிலை ஒன்றுதான்: வேண்டாம். அடி அந்த நொடியை மட்டும் நிறுத்தும். அடுத்த முறை நின்று யோசிக்கும் திறனை அது வளர்ப்பதில்லை. இந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் திட்டு வாங்கியே வளர்கிறார்கள். அந்தக் கணக்கில் வீடும் சேர வேண்டியதில்லை.

தினமும் பத்துப் பதினைந்து நிமிடம், பிள்ளை விரும்பும் விளையாட்டில், அவன் சொல்கிறபடி நீங்கள் விளையாடுங்கள். திருத்தாதீர்கள், பாடம் நடத்தாதீர்கள், படிப்பைப் பற்றிப் பேசாதீர்கள். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன்னால் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை என்று அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் கழகத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. அத்தகைய பயிற்சிகள் பலவற்றில் முதல் பாடமே இந்த விளையாட்டு நேரம்தான். உறவு கெட்டுக்கிடக்கும்போது எந்த நட்சத்திர அட்டையும் பலிக்காது.

6 முதல் 12 வயதுவரை 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். மாலை விளையாட்டை டியூஷனுக்காக வெட்டாதீர்கள். ஓடி ஆடிவிட்டு வரும் பிள்ளைக்கு உட்கார முடிகிறது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு எல்லாத் திரைகளும் அணைய வேண்டும், பெரியவர்களுடையதும்தான்.

படி 3: பள்ளியோடு கைகோர்ப்பது

குறை சொல்லப் போகிறீர்கள் என்று ஆசிரியர் நினைத்தால் கதவு மூடிவிடும். 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு போர்ஷனை முடிக்கப் போராடுகிறவர் அவர். பெற்றோர் கூட்டத்து நெரிசலில் இதைப் பேசாமல், நேரம் கேட்டு வாங்கித் தனியாகப் போங்கள். அப்பாவும் வருவது நல்லது. "மிஸ், இவன் உங்கள் வகுப்பில் எப்போது நன்றாக இருக்கிறான் என்று சொல்லுங்கள்" என்று தொடங்கிப்பாருங்கள். "சயின்ஸ் பரிசோதனை என்றால் முதல் ஆளாக வந்து நிற்பான் அம்மா" என்பது போல ஏதாவது ஒரு பதில் வரும். அங்கிருந்து பேச்சை வளர்ப்பது எளிது.

மருத்துவ அறிக்கையின் நகலோடு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். நீங்களும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கேட்காதீர்கள், வகுப்பில் செலவில்லாமல் செய்யக்கூடியவற்றைக் கேளுங்கள். முன் பெஞ்சில், வாசலுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி, அமைதியான ஒரு பிள்ளையின் பக்கத்தில் இடம். போர்டில் எழுதுவதை முழுதாக எழுதி முடிக்காவிட்டால் நண்பனின் நோட்டைப் படம் எடுத்துக்கொள்ள அனுமதி. மணி அடிக்கும் முன் டைரியில் வீட்டுப்பாடம் ஏறிவிட்டதா என்று ஒரு பார்வை. 20 கணக்குக்குப் பதில் இரட்டைப்படை எண்ணிட்ட கணக்குகள் மட்டும். நோட்டுகளை விநியோகிப்பது, ரிஜிஸ்டரை ஆபீஸில் கொடுத்துவிட்டு வருவது போன்ற நடமாடும் வேலைகள். தண்டனையாகப் பி.டி. பீரியடை மட்டும் பறிக்க வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு அன்றைய நாளில் மிகவும் தேவையானது அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த உபாயம் தினசரி அட்டை. உள்ளங்கை அளவு அட்டையில் இரண்டே வரி: "வேலையை உடனே தொடங்கினான்", "கை தூக்கிவிட்டுப் பேசினான்". மூன்று கட்டம்: காலை இடைவேளை வரை, மதியச் சாப்பாடு வரை, மணி அடிக்கும் வரை. ஆசிரியர் ஒவ்வொரு முறையும் ஒரு டிக் போட்டால் போதும், நாள் முழுவதற்கும் அவருக்கு ஒரு நிமிட வேலை. வீட்டுக்கு வந்ததும் டிக்குகளுக்குப் புளியங்கொட்டை. டிக் இல்லாத கட்டத்தைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தையும் வேண்டாம். அட்டை தொலைந்துபோகும், அடிக்கடி தொலையும், பத்து நகல் எடுத்து ஆசிரியரிடமே கொடுத்துவிடுங்கள். சிவப்பு மைக் குறிப்புகள் மட்டுமே வந்துகொண்டிருந்த வீட்டுக்கு நல்ல செய்தியும் வரத் தொடங்கும்போது பிள்ளையின் முகமே மாறும்.

சட்டம் பேச வேண்டிய நிலை வந்தால் தெரிந்திருக்கட்டும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது 16-ஆவது பிரிவு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைத் தவிர மற்றத் தனியார் பள்ளிகளுக்கும் இவை பொருந்தும். "டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னால், எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஏடிஹெச்டிக்குத் தனி இடம் இல்லை. குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டுக்கு உண்டு. பிள்ளைக்கு இரண்டும் இருந்தால் கற்றல் குறைபாட்டுக்கான சான்றைக் கட்டாயம் வாங்குங்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகளுக்கு அதுதான் வழி. பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடுவதைவிட ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியர் மூலம் கேட்கலாம். கற்றல் குறைபாட்டுக்கு 1991 முதல் சென்னையில் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனையும் அணுகலாம்.

படி 4: மருந்து

பெற்றோர் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். பிள்ளையை மந்தமாக்கிவிடும், பழகிப்போய் விட முடியாமல் போகும் என்றெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏடிஹெச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் 1950-களிலிருந்து புழக்கத்தில் உள்ள மருந்து. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி, குறுகிய கால வகை நான்கு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அட்டாமாக்ஸெட்டின் என்ற இன்னொரு மருந்து முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை மந்தமாகத் தெரிந்தால் அளவு கூடுதலாக இருக்கலாம், மருத்துவரிடம் சொன்னால் மாற்றுவார். சரியான அளவில் உங்கள் பிள்ளை உங்கள் பிள்ளையாகவே இருப்பான்.

பசி குறைவது, தூக்கம் தள்ளிப்போவது, தலைவலி, வயிற்றுவலி ஆகியவை அடிக்கடி வரும் பக்கவிளைவுகள். காலை டிபனை வயிறு நிறையக் கொடுத்துவிட்டு மாத்திரையைக் கொடுங்கள். மதியம் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தால் திட்டாதீர்கள், மாலையில் பசி திரும்பும், அப்போது நன்றாகச் சாப்பிடட்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் உயரம், எடை, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் கேளுங்கள். குடும்பத்தில் இளவயதில் இதயக் கோளாறால் யாராவது இறந்திருந்தால் மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மாத்திரையைப் பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், யாருக்கும் பகிராதீர்கள்.

1999-இல் வெளியான, 579 பிள்ளைகளை 14 மாதம் தொடர்ந்து பார்த்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், கவனமாகக் கண்காணித்துத் தந்த மருந்து முதன்மை அறிகுறிகளை நன்றாகக் குறைத்தது. மருந்தோடு வீட்டிலும் பள்ளியிலும் பயிற்சியும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் மருந்து தேவைப்படாது. தேவைப்படும் பிள்ளைக்கு, பயத்தால் மறுத்துவிட்டு ஆண்டுகளைக் கடத்துவதும் ஒரு இழப்புதான். "ஒரே மாதத்தில் முற்றிலும் குணம்" என்று விளம்பரம் செய்யும் லேகியத்துக்கும் சொட்டுமருந்துக்கும் பணத்தை வீணாக்காதீர்கள்.

படி 5: பதின்வயது

எட்டாம் வகுப்பு தாண்டியதும் ஓட்டம் பெரும்பாலும் உள்ளே போய்விடும். வெளியே அமைதியாகத் தெரிவான், உள்ளே எண்ணங்கள் நிற்காமல் ஓடும். பாடங்களும் ஆசிரியர்களும் பெருகி, யாரும் டைரியைப் பார்க்காத வயது அது. சின்ன வகுப்புகளில் புத்திசாலித்தனத்தால் சமாளித்த பிள்ளைகள் பலர் ஒன்பதாம் வகுப்பில்தான் தடுமாறுகிறார்கள்.

புளியங்கொட்டை இனி எடுபடாது. உட்கார்ந்து பேசி உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். "உனக்கு எது கஷ்டம், எனக்கு எது கவலை, இரண்டுக்கும் பொதுவாக என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். செல்போனுக்கு இடமும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திடலாம். இரவில் எல்லோர் போனும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும். அதே போனை உதவிக்கும் பழக்குங்கள்: தேர்வுத் தேதிக்கு அலாரம், அசைன்மென்டுக்கு மூன்று நாள் முன் நினைவூட்டல், வகுப்புக் குறிப்பின் படம். பெரிய பாடத்தை இன்று எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்று உடைத்து எழுதும் பழக்கத்தை அருகில் இருந்து சொல்லிக்கொடுங்கள். நண்பனோடு சேர்ந்து உட்கார்ந்தால் படிக்க முடிகிறது என்றால் அது நல்ல வழிதான்.

பைக் சாவியைக் கொடுக்காதீர்கள். கவனச் சிதறலும் அவசரமும் உள்ள இந்தப் பிள்ளைகளுக்கு விபத்து ஆபத்து கூடுதல். 18 வயதுக்கு முன் கியர் வண்டிக்கு உரிமமே கிடையாது. சிறுவர் வண்டி ஓட்டிச் சட்டத்தை மீறினால் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பி இரவு பத்து வரை படிக்க வைக்கும் விடுதிப் பள்ளிகளில் சேர்த்தால் ஒழுங்கு வந்துவிடும் என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். நீண்ட நேரம் அசையாமல் உட்காருவதுதான் இவர்களால் முடியாதது. அதை மட்டுமே கேட்கும் இடத்தில், வீட்டின் துணையும் இல்லாமல் விடுவது சரியல்ல. பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும்போது அக்கம்பக்கத்தார் எதை எடுத்தார்கள் என்று பார்க்காமல், எந்தப் பாடத்தில் இவன் தானாக உட்காருகிறான் என்று பாருங்கள்.

"நான் எதற்கும் லாயக்கில்லை" என்று சொல்லத் தொடங்கினால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் திட்டு வாங்கிய பதின்வயதினரிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம். சாக வேண்டும் என்ற பேச்சோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்ட தடயமோ தெரிந்தால் தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும், தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம்.

தனக்கு இருப்பதைத் தானே விளக்கவும் இந்த வயதில் பழக்க வேண்டும். "சார், ஒரே நேரத்தில் மூன்று வேலை சொன்னால் எனக்கு நினைவில் நிற்காது, எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளை கல்லூரியில் பிழைத்துக்கொள்வான். வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

உங்களுக்கு

பாட்டி சொன்னதை நினைவில் வைத்து, அப்பாவோ அம்மாவோ தங்களையும் சோதித்துக்கொள்ளலாம். பொருளைத் தொலைத்து, நேரத்துக்குக் கிளம்ப முடியாமல் தவிக்கும் பெற்றோர், பிள்ளைக்கு அட்டவணை போடுவது கடினம். அப்படியென்றால் கதவில் உங்களுக்கும் ஒரு படவரிசை ஒட்டிக்கொள்ளுங்கள். கூட்டுக் குடும்பமாக இருந்தால் தாத்தா பாட்டியையும் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது டாக்டர் சொன்னால் ஏறும். கூடப் பிறந்த பிள்ளைக்கும் தனியாக நேரம் கொடுங்கள், அவன் கேட்காமலேயே விட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பான்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். முதல் வாரம் இரவில் பை அடுக்குவது மட்டும். இரண்டாம் வாரம் குளியலறைக் கதவில் படங்கள். மூன்றாம் வாரம் ஆசிரியரிடம் நேரம் கேளுங்கள். ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதுங்கள்: இன்று எது நடந்தது, எது நடக்கவில்லை, எத்தனை மணிக்குத் தூங்கினான். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் தினசரி அட்டைகளையும் எடுத்துப்போங்கள்.